ஆறாவது கலர்

ராதிகாவின் மேல் கோபமாக இருப்பவர்கள் இந்த வாரமும் அப்படியே இருக்கலாம். தடையில்லை. அவளே தன் மேல் கோபமாகத்தான் இருக்கிறாள்.

மறந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மகளிர் குழுக்களின் கண்காட்சி. அதில் ஒரு கடை வடக்கனந்தல் ராதிகாவுக்கும் அவள் ஓரகத்தி சுபலட்சுமிக்கும். எம்பிராய்டரி மெஷினில் தைத்த குட்டிப் பர்ஸ், சாவிக்கொத்து, கண்ணாடி உறை, ஹேர்பேண்டு என்று மேசை நிறையப் பரப்பியிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரு சாமைக் கதிர் தலை சாய்ந்து நிற்கும். பாண்டிச்சேரியில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள் வந்து, ஒரு பர்ஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இந்த டிசைன் யார் போட்டது?" என்று கேட்டாள்.

"நான்தாங்க" என்றாள் ராதிகா.

போட்டது சுபலட்சுமி. கையில் இரண்டு பேப்பர் கப் டீயுடன் ராதிகாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்ததும் அவளேதான். அந்த அம்மாள் மேலும் ஏதேதோ கேட்டாள். ராதிகாவும் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தாள். சுபலட்சுமி டீயை மேசையில் வைத்தாள். சாயங்காலம் வரை கூடவே நின்று வியாபாரம் பார்த்தாள். மறுநாள் காலையில் கல்வராயன் மலையிலிருக்கும் தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

நாற்பது நாள் ஆகிறது. நடுவில் ஒரு தீபாவளி வந்து போய்விட்டது. சுபலட்சுமி இல்லாத வீட்டில் அதிரசம் யாருக்கும் இறங்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று ராதிகா யோசிக்காத நாளில்லை. ஏமாற்ற வேண்டுமென்று சொல்லவில்லை. மெஷின் தன்னுடையது, கடை தன் பேரில், கேள்வியும் தன்னைப் பார்த்துத்தான் வந்தது. நாக்கு முந்திக்கொண்டது. முந்திய நாக்கைப் பிடித்து உள்ளே இழுக்க ஒரு நிமிஷம் இருந்தது, இழுக்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் அவள் நாற்பது நாளாக மென்றுகொண்டிருக்கிறாள்.

இன்று வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கே மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

பாண்டிச்சேரி அம்மாளுக்கு அதே கதிர் வேண்டும், ஆனால் பெரிதாக வேண்டும். தோளில் மாட்டிக்கொள்ளும் மொபைல் பைக்கு முன்பக்கம் முழுக்க வருகிற மாதிரி, இப்போதிருப்பதைப்போல ஒன்றரை மடங்கு. சனிக்கிழமைக்குள் ஒரு மாதிரி அனுப்பச் சொல்லியிருந்தாள்.

ராதிகா மெஷினின் திரையைத் தொட்டுத் தொட்டு, அது எவ்வளவு தூரம் விடுமோ அவ்வளவு தூரம் பெரிதாக்கி ஓடவிட்டாள். மெஷினுக்குள் இருப்பது படமல்ல, வெறும் தையல். ஊசி எங்கெங்கே இறங்க வேண்டும் என்று எண்ணி வைத்தது. இழுத்துப் பெரிதாக்கினால் தையல் கூடுவதில்லை, தையலுக்கும் தையலுக்கும் நடுவில் சந்துதான் கூடுகிறது. கதிர் முழுக்கத் துணி பல்லிளித்தது.

ஐந்தாவது கலர் முடிந்ததும் மெஷின் நின்று பீப் பீப் என்று கத்தியது. ஆறாவது நூலை மாட்டச் சொல்லிக் கத்துகிறது. ஒற்றை ஊசி மெஷின், ஒவ்வொரு கலருக்கும் இப்படி நிற்கும். பழைய நூலைக் கழற்றிப் புதியதைக் கோத்துக் கொடுத்தால்தான் நகரும். ராதிகா வழக்கம்போல அதைக் காதில் வாங்காமல் துணியைப் பிரேமோடு கழற்றினாள்.

கதிருக்கு ஐந்து கலர் போதும். ஆறாவது என்பது கதிருக்குக் கீழே, ஒட்டாமல், தனியாக விழும் ஒரு புள்ளி. பன்னிரண்டு தையல்தான். அதற்காக ஒவ்வொரு உருப்படிக்கும் நூல் மாற்றிக்கொண்டிருந்தால் வேலை எப்படி ஓடும்? தான் உட்காரும்போதெல்லாம் அவள் ஐந்தோடு நிறுத்திவிடுவாள். சுபலட்சுமி உட்கார்ந்தால் மட்டும் ஆறும் ஓடும். "மகாராணிக்கு நேரம் ஜாஸ்தி" என்று ராதிகா கேலி செய்வாள். சுபலட்சுமி சிரித்துக்கொண்டே நூலைக் கோப்பாள்.

எதிர்ச் சுவரில் நூல்கண்டு மாட்டும் பலகை. வரிசை வரிசையாக அறுபது குச்சி, அதில் ஒன்று மட்டும் காலி. எப்போதிலிருந்து காலி என்று அவளுக்குத் தெரியவில்லை.

மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த தீனதயாளன், மேசைமேல் கிடந்த துணியைப் பார்த்தார். ராதிகாவின் புருஷனுக்கு எம்பிராய்டரி தெரியாது. ஆனால் கெட்டுப்போனது எது என்று தெரியும்.

"சரியா வரலியா?"

"சின்னத இழுத்துப் பெருசு பண்ணா இப்படித்தான் வரும். அசல் பைல் சுபாவோட லேப்டாப்ல இருக்குது. அதுல பெருசு பண்ணாத்தான் உண்டு."

"போயி கேட்டுட்டு வாயேன்."

"இன்னான்னு கேக்கறது?"

"பைலக் கேளு."

"பைல மட்டும் கேட்டா போதுங்களா?"

அவர் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்தார். "அது உனுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

வாசலில் அறிவுச்செல்வன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தீனதயாளனின் தம்பி, சுபலட்சுமியின் புருஷன், கச்சிராயபாளையத்தில் டிராக்டர் பட்டறை. ஞாயிற்றுக்கிழமையானால் மலைக்குப் போய்ப் பொண்டாட்டியைப் பார்த்துவிட்டு வருவான். வந்து என்ன ஏது என்று சொல்லமாட்டான். அண்ணியிடம் முகம் சுளிக்கவும் மாட்டான், முகம் கொடுக்கவும் மாட்டான்.

"தம்பி, நான் இன்னிக்கு மேல போறேன். சுபாவுக்கு இன்னா எடுத்துக்கினு போவட்டும்?"

"ஒண்ணும் வாணாம் அண்ணி."

"கோவமா இருக்குறாளா?"

"கோவமெல்லாம் இல்லீங்க."

சாவியைப் போட்டு வண்டியை உதைத்தான். சாவியில் ஒரு துணிக்கொத்து ஆடியது. அந்த மெஷினில் முதன்முதலாகத் தைத்த உருப்படி அது. பட்டறைக் கிரீஸில் ஊறி இப்போது கதிரா கயிறா என்று சொல்ல முடியாது. சுபலட்சுமி நல்லதாக நான்கு தைத்துக் கொடுத்தும் அவன் அதை மாற்றவில்லை.

கோபமில்லை என்று அவன் சொன்னது ராதிகாவுக்கு ஆறுதலாக இல்லை. கோபமென்றால் திட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை பஸ் கிடைத்தது. ஒரு சீப்புப் பழமும் காராசேவும் இரண்டு முழம் கனகாம்பரமும் வாங்கிக்கொண்டாள். கோமுகி அணையைத் தாண்டி வண்டி வளைந்து வளைந்து ஏற ஆரம்பித்ததும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். "தப்புதான் சுபா" என்று ஆரம்பிப்பதா, "நீ என்னை விட சின்னவ, இருந்தாலும்" என்று ஆரம்பிப்பதா? இரண்டாவதில் ஒரு மிதப்பு இருக்கிறது. முதலாவதே இருக்கட்டும்.

அவளை அப்படியொன்றும் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அறிவுச்செல்வன் மலையிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, வீட்டில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள, ஆரத்தித் தட்டோடு வந்தவள் ராதிகா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுபலட்சுமிக்கு ஏழாம் மாசத்திலேயே பெண் குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்பது நாள் கிடந்து போய்ச் சேர்ந்தபோது, அந்த ஒன்பது நாளும் சோற்றுக் கேரியரோடு பஸ்ஸில் போய் வந்தவளும் ராதிகாதான். அதற்குப் பிறகு, "அந்தப் பேச்ச இந்த வூட்ல யாரும் எடுக்கக் கூடாது, அவ மனசு தாங்காது" என்று எல்லோருக்கும் உத்தரவு போட்டாள். யாரும் எடுக்கவில்லை. சுபலட்சுமி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் கைக்கு ஏதாவது வேலை வேண்டுமென்றுதான் ராதிகா குழுவில் சொல்லி மெஷினையே வாங்கினாள். பட்டப்படிப்பு முடித்திருந்த பெண், லேப்டாப்பில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானாகவே டிசைன் போடக் கற்றுக்கொண்டாள். முதலில் போட்டது சாமைக் கதிர்.

நல்லது நினைத்துத்தான் எல்லாம் செய்தாள். அதனால்தான் இந்த ஒரு வார்த்தை இப்படி உறுத்துகிறது.

வெள்ளிமலைக்கு அடுத்து இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கினாள். ஐப்பசி கடைசி, மழை விட்டிருந்தது. பாதையின் இரண்டு பக்கமும் அறுத்த சாமைத் தாள். சுபலட்சுமியின் வீட்டுக்குப் பக்கத்திலேயே அகலமான பாறை, அதுதான் அவர்களுக்குக் களம். அம்மா செங்கம்மாள் சாமைக் கதிரைப் பரப்பித் தடியால் அடித்துக்கொண்டிருந்தாள். சுபலட்சுமி முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், கொஞ்சம் கறுத்திருந்தாள்.

"அக்கா" என்று எழுந்தாள். குரலில் ஒன்றும் இல்லை. நேற்றுப் பார்த்தவளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள்.

"வாம்மா, ஒத்தையாவா வந்த?" என்றாள் செங்கம்மாள். "செத்த உக்காரு. இத அள்ளிட்டு வந்துடறோம், மழை வந்தாலும் வந்துடும்."

ராதிகா பாறை ஓரத்தில் உட்கார்ந்தாள். செங்கம்மாள் புடைத்த தானியத்தைக் கூடையில் அள்ளுவதற்கு முன்னால், ஒரு கைப்பிடி எடுத்துப் பாறையிலிருந்த சின்னக் குழியில் போட்டாள்.

"அது எதுக்குங்க?"

"எங்க வூட்டு வழக்கம்மா. மொதப் பிடி இப்ப நம்மளோட இல்லாதவங்களுக்கு. இது இவங்கப்பாரு பங்கு."

மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை கைப்பிடியில்லை. இரண்டு விரலால் கிள்ளி எடுத்து, அந்தக் குழிக்குப் பக்கத்தில் தனியாக வைத்தாள். அது யார் பங்கு என்று சொல்லவில்லை. மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சுபலட்சுமி ராதிகாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கனகாம்பரத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். மாமா எப்படியிருக்கிறார், மரவள்ளி எப்படி வந்திருக்கிறது என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்துவிட்டு ராதிகா சொம்பைக் கீழே வைத்தாள்.

"தப்புதான் சுபா."

சுபலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு நான் அப்படி சொல்லியிருக்கக் கூடாது. நீ போட்ட டிசைன நான் போட்டன்னு சொல்லிட்டேன். வாயில வந்துட்ச்சி. போன வாரம் அந்தம்மாவுக்கு போன் போட்டு, அது என் ஓரகத்தி போட்டது, நான் பொய் சொல்லிட்டேன்னு சொல்லிட்டேன். அவங்க ஒண்ணும் நெனைக்கல. நீ நெனச்சிக்கினு இருக்கியே, அதான்..."

"இதுக்கா அக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"பின்ன?"

"அத நான் அன்னிக்கே விட்டுட்டேன். மெஷின் நீங்க வாங்கினது. என்ன உக்கார வெச்சது நீங்க. நீங்க போட்டதுன்னு சொன்னா இன்னா, நான் போட்டதுன்னு சொன்னா இன்னா."

ராதிகாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. இது பெருந்தன்மைப் பேச்சாக இருக்குமோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. அந்தப் பெண் நிஜமாகவே ஆச்சரியப்பட்டிருந்தாள்.

"அப்ப எதுக்கு சுபா வந்துட்ட?"

சுபலட்சுமி உள்ளே போய் ஒரு பர்ஸைக் கொண்டுவந்தாள். பச்சைத் துணி, சாமைக் கதிர். கண்காட்சியில் பாண்டிச்சேரி அம்மாள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த அதே பர்ஸ். கதிருக்குக் கீழே, துணியில், பொடிப்பொடியாக ஊசித் துளைகள் மட்டும் இருந்தன.

"இது ஞாபகம் இருக்குதா அக்கா?"

"நம்ம பர்ஸு."

"அந்தம்மா கேட்டாங்க, இதுல ஒரு புள்ளி இருக்குது, மத்ததுல இல்லியேன்னு. நீங்க இன்னா சொன்னீங்க?"

ராதிகாவுக்கு ஞாபகம் வந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னாளே, அதில் ஒன்று. "அது மெஷின் கோளாறுங்க, இதோ எடுத்துடறேன்" என்று சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. மேசைமேல் கிடந்த நூல்வெட்டியை எடுத்து, முனையைத் தையலுக்கடியில் நுழைத்து, இரண்டு நெம்பு நெம்பினாள். பிசிறை விரலால் பிடுங்கி, வாயால் ஊதிவிட்டாள். "இப்ப சுத்தமாயிட்ச்சி பாருங்க" என்றாள். அப்போதுதான் பின்னால் சுபலட்சுமி டீயோடு நின்றிருக்கிறாள்.

"அது சாமை அக்கா. கதிர்லேர்ந்து கீழ விழுந்த ஒத்த மணி."

சுபலட்சுமி பர்ஸைப் பார்த்தே பேசினாள்.

"இப்ப அம்மா வெச்சாங்களே, பாத்தீங்க இல்ல? பாப்பாவுக்குப் பேரு வெக்கல. ஒம்போது நாளுல யாரு வெப்பாங்க. ஊருல இருக்கிற புள்ளைங்க பேரெல்லாம் நம்ம மெஷின்ல போட்டோம். பொறந்த நாளுக்கு, காதுகுத்துக்கு, எத்தினி சாவிக்கொத்து, எத்தினி கைக்குட்டை. என் புள்ளைக்குப் போடறதுக்குப் பேரு இல்ல. பேரு வெச்சிருந்தா பேரையே போட்டிருப்பேன்."

பாறையில் பரப்பிய தாளைக் காற்று புரட்டிக்கொண்டிருந்தது. ராதிகாவின் வாயிலிருந்து வந்தது சரியான வார்த்தையாக இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சுபா."

"நீங்கதானே அக்கா, அந்தப் பேச்ச வூட்ல எடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"நீங்க அஞ்சோட நிறுத்தும்போதெல்லாம் எனக்கு ஒண்ணும் தோணல. வேலை அவசரம், அவங்களுக்குத் தெரியாதுன்னு இருந்துட்டேன். நான் தைக்கிறதுல இருந்தா போதும்னு இருந்துட்டேன். தைச்சத நீங்க பிடுங்கினதும்தான்..." என்று நிறுத்தினாள். பர்ஸை மடியில் வைத்துக்கொண்டு, "உங்க மேல தப்பில்ல அக்கா. என்னால அந்த மெஷின் சத்தத்த அதுக்கப்புறம் கேக்க முடியல. அவ்ளோதான்" என்றாள்.

வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழக்கிக் கொண்டுவந்த மன்னிப்பு ராதிகாவிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை வேண்டாத இடத்தில் கொடுத்து முடித்துவிட்டாள். இப்போது வேண்டிய இடத்தில் கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை. சுபலட்சுமியின் முழங்காலில் கையை வைத்தாள். அந்தப் பெண் கையைத் தள்ளவில்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டுமென்று செங்கம்மாள் பிடிவாதம் பிடித்தாள். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். ராதிகா இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். ஒரு பருக்கை இலைக்கு வெளியே விழுந்தது. அதை எடுப்பதா விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கேட்காமலேயே சுபலட்சுமி பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பெருசு கேட்டிருக்காங்கன்னு அவரு சொன்னாரு. ஒன்றரை மடங்கு பண்ணி வெச்சிருக்கேன். எல்லாம் சரி பண்ணிட்டேன் அக்கா. உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

"நீ வரலியா?"

"கதிர் அடிச்சி முடிக்கணும்."

"முடிச்சப்புறம்?"

"பாக்கலாம் அக்கா. பஸ்ஸு வந்துடும், கெளம்புங்க."

பாதைமுனை வரை கூடவே வந்தாள். பஸ் நகரும்போது கையையும் ஆட்டினாள். ஒரு குறையும் வைக்கவில்லை.

வீடு வந்து சேரும்போது மணி ஐந்தரை. ராதிகா முகம் கழுவினாள். காபி குடிக்கவில்லை. புதுப் பிரேமில் அடியில் பேப்பர் வைத்து, மேலே பச்சைத் துணியை இழுத்து முடுக்கினாள். பென் டிரைவைச் செருகினாள். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டாள். இந்தத் தடவை ஆறையும் ஓடவிட வேண்டும். இனி எத்தனை உருப்படியானாலும் ஆறையும் ஓடவிட வேண்டும். நூறு தடவை நூல் மாற்ற வேண்டுமா, மாற்றலாம். சொல்ல முடியாமல் வந்ததை இப்படியாவது செய்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

முதல் கலர் தண்டு. நின்றது, கத்தியது, மாற்றினாள். இரண்டாவது இலை. மூன்றாவது, நான்காவது. கதிர் பெரிதாக, நிறைவாக, ஒரு சந்து விடாமல் எழுந்து வந்தது. இந்தக் கைவேலையைத் தான் செய்ததாகச் சொன்னோமே என்று அவளுக்கு மறுபடியும் கூசியது. ஐந்தாவது கலர். மெஷின் மணி மணியாகப் போட்டு முடித்தது.

ராதிகா கையைத் துடைத்துக்கொண்டு பீப் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

பீப் என்று கத்தவில்லை. எல்லாம் முடிந்தால் பாடுமே ஒரு சின்னப் பாட்டு, அதைப் பாடியது. திரையில் முடிந்தது என்று காட்டியது. அவள் நம்பாமல் திரையைத் தொட்டு, பின்னால் போய், கலர்களை எண்ணினாள். ஐந்து. மறுபடி எண்ணினாள். ஐந்துதான்.

எல்லாம் சரி பண்ணிட்டேன் அக்கா. உங்களுக்குத் தொந்தரவு இருக்காது.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நூல்வெட்டியால் தான் நெம்பி எடுத்ததை, அந்தப் பெண் தன் கையாலேயே, லேப்டாப்பில், ஒரேயடியாக எடுத்துவிட்டிருந்தாள். அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை, அதனால் அடக்கவில்லை.

அழுது முடித்ததும் ஒரு வேகம் வந்தது. பன்னிரண்டு தையல்தானே, கையால் போட்டுவிடலாம். கைத்தையல் ஊசியை எடுத்தாள். நூலுக்காகப் பலகையைப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது கண்டு. காலிக் குச்சி ஒன்று. அது எப்போதிலிருந்து காலி என்று இப்போது தெரிந்தது.

என்ன கலர் அது?

யோசித்தாள். மஞ்சளா? சாமை மஞ்சளாகத்தான் இருக்கும். இல்லை, கதிரே மஞ்சள், அதே நூலென்றால் தனியாக ஆறாவது எதற்கு? பழுப்பா? சிவப்பா? நெம்பி எடுத்தது தன் விரல். பிடுங்கி ஊதியது தன் வாய். ஊதிய பிசிறு என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணை மூடி அந்த மேசையை, அந்தப் பர்ஸை, பாண்டிச்சேரி அம்மாளின் வளையலைக்கூட ஞாபகத்துக்குக் கொண்டுவர முடிந்தது.

வாசலில் வண்டிச் சத்தம். அறிவுச்செல்வன் பட்டறையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, உன் சாவியக் கொஞ்சம் குடு."

அவன் அண்ணியின் முகத்தைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், கொடுத்தான். ராதிகா சாவிக்கொத்தை விளக்கடியில் பிடித்து ஈரத்துணியால் துடைத்தாள். கதிருக்குக் கீழே, இடது பக்கமாக, அந்த ஒற்றை மணி இருந்தது. மேடாக விரலுக்குத் தட்டுப்பட்டது. ஆனால் கிரீஸில் கறுத்துக் கிடந்தது. எவ்வளவு துடைத்தும் நிறம் வரவில்லை.

"இது இன்னா கலரு தம்பி?"

அவன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான்.

"கள்ளக்குறிச்சில எந்தக் கடையிலயும் அந்த நூலு கெடைக்கல அண்ணி. சேலம் போயி வாங்கியாந்தோம்."

"அப்படி இன்னா கலரு?"

"பாப்பாவ ஒரு துணியில சுத்தி வெச்சிருந்தாங்க இல்ல. எங்க மாமியாரு சேலையக் கிழிச்சிக் குடுத்தது. அந்தக் கலரு."

ராதிகா ஒன்பது நாளும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருக்கிறாள். கேரியரின் மூடி இறுகிக்கொண்டது ஞாபகமிருக்கிறது. திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்தது ஞாபகமிருக்கிறது. கட்டைவிரல் அளவு பாதம் ஒன்று அசைந்தது ஞாபகமிருக்கிறது. அந்தப் பாதத்துக்கு மேல் இருந்த துணி ஞாபகமில்லை.

"உனுக்கு ஞாபகம் இருக்குதா தம்பி?"

"இருக்குது அண்ணி" என்றான் அறிவுச்செல்வன்.

சொல்லுவான் என்று காத்திருந்தாள். அவன் கையை நீட்டினான், சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டான், சட்டைப்பையில் போட்டான். பிறகு சாப்பாட்டுத் தட்டைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ராதிகா கைத்தையல் ஊசியை டப்பாவில் வைத்து மூடினாள். மெஷினின் சுவிட்சை அணைத்தாள். பிரேமிலிருந்து துணியைக் கழற்றப் போன கையை இழுத்துக்கொண்டாள். ஒரு தடவை கழற்றிய துணி மறுபடி அதே இடத்தில் உட்காராது. சுபலட்சுமி வந்து அந்த மணியைப் போடுவதென்றால், துணி இப்படியே இருக்க வேண்டும்.

தீனதயாளன் உள்ளே வந்து கதிரைப் பார்த்தார். அவருக்கே தெரிந்தது, நன்றாக வந்திருக்கிறதென்று.

"முடிஞ்சிட்ச்சி போலக்குது. நாளைக்கு அனுப்பிடலாம் இல்ல?"

"இல்லீங்க" என்றாள் ராதிகா. "நாளைக்கு நான் மறுபடியும் மேல போவணும். இதுல இன்னும் ஒரு கலர் பாக்கி இருக்குது."